ஏன் வரவில்லை என்று கேட்கிற ஊர்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

என் பொம்மிக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் ஏதோ இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அங்கே நல்லா இருக்கணும். ஏழு மாச வயிறோடு விமானம் ஏறக்கூடாதென்று டாக்டர் சொன்னதற்கு நீ என்னடி பண்ணுவாய், அப்பா முகத்தைப் போனில் பார்த்தாயே, அது போதும்.

போன வாரம் அப்பா இருந்தபோது பேசினோமே, அன்றைக்கு ஆஸ்திரேலியாவில் எல்லாரும் கட்டாயம் ஓட்டுப் போடணும், போடாவிட்டால் ஏன் வரவில்லை என்று வீட்டுக்குக் கடுதாசி வரும், சரியான காரணம் சொல்லாவிட்டால் அபராதம், இங்கேயும் அப்படி வைக்கணும் என்றாயே. பெங்களூருக்குக் கொத்து வேலைக்குப் போன சனங்கள் கூலியை விட்டு வரமுடியாமல் போனால் அவர்கள் தலையிலும் அபராதமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் தேர்தலன்று நான் புடவை மாற்றியதும் உன் பெரிய அத்தை தங்கம்மாள் வாசலை மறித்து நின்றுகொண்டாள். என் தம்பிக்குக் கருமாதி கூட முடியல, அதுக்குள்ள நீ போய் வரிசையில நிக்கணுமாடி, உன் ஒரு ஓட்டு இல்லன்னா கோட்டை இடிஞ்சிடுமா, ஏன் போடலன்னு யாரு வந்து கேக்கப் போறான்னு ஒரே சத்தம். அந்தக் கடைசிப் பேச்சுதான் சுருக்கென்றது. யாரும் கேட்கமாட்டார்கள், அதனால்தானே மறிக்கிறாள். பொம்மி ஊர்ச் சட்டம் இங்கே இருந்தால் அபராதத்துக்குப் பயந்து நீயே என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போவாய் என்றேன். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போய்த் தொலை, முக்காடு போட்டுக்கோ என்றாள்.

பள்ளிக்கூடத்து வரிசையில் தீட்டென்று எனக்கு முன்னாலும் பின்னாலும் தள்ளித்தான் நின்றார்கள், அது கிடக்கட்டும். பேர் சரிபார்க்கிற பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். ஆராயியா, மேலயே உங்க வீட்டுக்காரர் பேரு இருக்குதே, சகாதேவன், அவரு வரலிங்களாம்மா என்று கேட்டாள். எப்போதும் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால்தானே வருவார், அந்தப் பழக்கத்தில், பின்னாடியே வராரும்மா என்று சொல்லிவிட்டேன். விரலில் மை வைத்த பிறகுதான் சொன்னது உறைத்தது. திரும்பிப்போய் அவர் இல்லையென்று சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கருமாதிக்கு வரமுடியலையென்று மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, கிடைக்கிற கீரையைத் தின்னு. சுகமாய்ப் பெற்று எழுந்திரு, என் ஆயுசும் உங்களுக்கே சேரட்டும். அந்தப் பெண் சாயங்காலம் வரைக்கும் வாசலைப் பார்த்திருப்பாளோ என்னவோ. உங்கள் ஊர் மாதிரி, ஏன் வரவில்லை என்று கேட்டு அப்பா பேருக்கு ஒரு கடுதாசி வந்தால், நான் என்னவென்று எழுதுவேன் குட்டி?

இப்படிக்கு,
உன் அம்மா
ஆராயி