குதிரைக்கு வந்த புது மருந்து

அண்ணே,

இன்று காலை எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பென்சிலின் குப்பியின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தினேன். அந்தப் பூஞ்சை வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. "பாதி போட்டா போதும், மீதிய அடுத்த ஆளுக்கு வச்சுக்கலாம்" என்றார் புதிதாக வந்திருக்கும் டாக்டரய்யா. ஆஸ்பத்திரி அதிர அவரை நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். மனிதர் திகைத்துப் போனார். அவருக்கு உங்கள் கதை தெரியாதே.

அப்போது நாம் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தோம். நீங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குதிரைக்காரர். நான் அங்கே ஆஸ்பத்திரியில் ஊசிகளைக் கழுவி அவித்து வைப்பவள். சித்திரையில் நுவரெலியாவில் பந்தயம் என்பதால் அந்தச் செம்பட்டைக் குதிரைக்கு வருஷம் முழுக்க ராஜோபசாரம். அது தும்மினால் பென்சிலின். காலில் முள் கீறினால் பென்சிலின். ஒன்றுமே இல்லாவிட்டாலும், எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு பென்சிலின். ஒவ்வொரு தடவையும் கொஞ்சூண்டு, அதுவும் துரையே தன் கையால் போடுவார். நம் தொழிலாளர் லயத்துப் பிள்ளை நெஞ்சு இழுக்க வந்து கிடந்தால், எல்லா நோய்க்கும் ஊற்றுகிற அந்தச் சிவப்புத் தண்ணீர் மருந்துதான். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நீங்கள் மட்டும் சும்மா இருந்தீர்களா? காலிக் குப்பியில் தண்ணீர் விட்டுக் குலுக்கி, சேணம் உரசிய புண்ணில் ஊற்றுவீர்கள். "ஒரு சொட்ட வீணாக்கலாமா தங்கச்சி? தீர்த்தம் மாதிரி இது" என்பீர்கள். லயத்தில் கேட்டு வந்தவர்களுக்கும் கோயில் தீர்த்தம் போலவே உள்ளங்கையில் விட்டீர்கள். தேயிலைத் தூளையே இரண்டு தடவை கொதிக்க வைத்துக் குடிக்கிற சனம் நாம். மிச்சத்தைக் கீழே கொட்ட நமக்கு மனசு வராது.

குதிரை முரண்டு பிடிக்கிறதென்று அதற்குக் காயடிக்க முடிவு செய்தார் துரை. நுவரெலியாவிலிருந்து மாட்டு டாக்டர் வந்து பங்களாப் புல்தரையில் கிடத்தி அறுத்தார். அறுக்குமுன்னும் பென்சிலின், அறுத்த பின்னும் பென்சிலின். ஆனாலும் தொடையிடுக்கு வீங்கி, வெட்டின இடம் பிரிந்து, சீழ் கொட்டியது. உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள், குதிரை லாயத்து வாசலிலேயே வாந்தி எடுத்தேன். நீங்களோ வெறுங்கையால் அதைக் கழுவிக்கொண்டு, "சரியாயிரும்டா ராஜா" என்று குதிரையோடு கொஞ்சிக்கொண்டிருந்தீர்கள்.

மாட்டு டாக்டர் சீழை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தார். அவர் சொன்னதை வந்து எனக்குச் சொன்னீர்கள். "கிருமிக்கு மருந்து பழகிப் போச்சாம் தங்கச்சி. அரைகுறையா ஊசி போட்டு நாமதான் பழக்கிட்டோமாம். இனிமே பென்சிலின் அதுக்குப் பச்சத்தண்ணியாம்."

அப்போதுதான் உங்கள் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தேன். புல் அறுக்கும்போது கத்தி பட்ட காயம். அதோடுதான் சீழைக் கழுவியிருக்கிறீர்கள். துணியை அவிழ்த்தேன். அண்ணே, குதிரையின் புண்ணில் அடித்த அதே நாற்றம், என் கூடப்பிறந்தவரின் கையில்! வேறு மருந்து இல்லாததால், குதிரைக்கு உதவாதென்று ஒதுக்கியிருந்த பென்சிலினையே முழுசாக, வேளை தவறாமல், நானே போட்டேன். வீக்கம் முழங்கையைத் தாண்டித் தோளுக்கு ஏறியது. டவுன் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தேன். அங்கேயும் பென்சிலின்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் குதிரைக்காகக் கொழும்பிலிருந்து வேறொரு புது மருந்து வந்தது. பங்களாவுக்கு ஓடினேன். "அண்ணனுக்கும் அதே கிருமிதாங்க. அவருக்கு வேண்டியத மட்டும் குடுங்க தொரை" என்று கும்பிட்டேன். துரை பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "அது குதிரை மருந்து. பாதி குடுத்தா குதிரைக்குப் பத்தாது. டாக்டர் அரைகுறை வேணாம் சொன்னது."

பார்த்தீர்களா, அத்தனை நாள் இல்லாத புத்தி அன்றைக்கு வந்துவிட்டது அவருக்கு. உங்கள் கையின் சீழைக்கூட நான் தொட்டுக் கழுவியிருக்கிறேன். அந்த ஆள் குடித்துவிட்டு வைத்த டீக்கோப்பையை என்னால் தொட்டிருக்க முடியாது. அவ்வளவு அருவருப்பு.

உங்களைக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக தோட்டத்து லொறி வந்தது. வாசலில் பாயோடு தூக்கும்போது கண்ணைத் திறந்தீர்கள். அண்ணியைக் கேட்பீர்கள், பிள்ளைகளைக் கேட்பீர்கள் என்று குனிந்தேன்.

"குதிர பொழச்சிருச்சா தங்கச்சி?"

"பொழச்சிருச்சுண்ணே."

உங்கள் முகம் எப்படி மலர்ந்தது! கண்டி போய்ச் சேருமுன்பே போய்விட்டீர்கள்.

துரை கப்பலேறிப் போய்விட்டார். அவரை நினைத்தால் ஒரு தடவை காறித் துப்புவேன், அதோடு தீர்ந்துவிடும். உங்களுடைய அந்தச் சந்தோஷத்தை மட்டும் என்ன செய்வதென்று எனக்கு இன்னமும் தெரியவில்லை, அண்ணே.