மனசாரக் கொடுக்கிற வீடு

சின்ன காஞ்சிபுரம்
9-2-2003

சிரஞ்சீவி சம்பத்குமாருக்கு அக்கா வரலக்ஷ்மியின் ஆசீர்வாதம். ஸிந்துஜாவுக்கும் குழந்தை ரக்ஷாவுக்கும் என் அன்பைச் சொல். நான் சௌக்கியம். வீடும் சௌக்கியம். ஊரெல்லாம் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிறபோது நம் கிணற்றில் மட்டும் வாளி முழுகி எழுகிறது. டாலஸில் குளிர் அதிகம் என்றாயே, ரக்ஷாவின் இருமல் நின்றதா? மிளகு கஷாயம் கொடுத்தால் துப்பிவிடுவாள் என்று ஸிந்துஜா சொன்னாள். தேன் விட்டுக் கொடுக்கச் சொல்.

போனில் நிதானமாகப் பேச முடிவதில்லை. நான் சொன்னதே திரும்பி வந்து என் காதில் விழுகிறது, உன் பேச்சு அதற்குள் மாட்டிக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

வீட்டு விஷயம். போன வைகாசியில் நீ வந்திருந்தபோது இருவரும் உட்கார்ந்து பேசி விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். தரகர் முனுசாமியை நீதான் அழைத்து வந்தாய். இனிமேலாவது உன் வாழ்க்கையைப் பார் அக்கா என்று அன்றைக்கு நீ சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டார்கள். ஒருவர்கூட விலை பேசவில்லை. அடிமாட்டு விலைக்குக் கேட்டிருந்தால்கூட ஒரு கேள்வி வந்தது என்று இருக்கும். கேட்கவே இல்லை.

பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கிற ஒருவர் மனைவி பெரியநாயகியோடு வந்தார். மாடி அறை ஜன்னலைத் திறந்து கோபுரத்தைப் பார்த்ததும் அவர் கை கூப்பிவிட்டார். அந்த அம்மாள் பீரோ எங்கே நிற்கும், மருமகளுக்கு எந்த அறை என்று என்னிடமே கேட்டுக்கொண்டு நடந்தாள். முனுசாமி என் பக்கம் சாய்ந்து, “இது முடிஞ்சா மாதிரிதாம்மா, அட்வான்ஸுக்கு நாள் பாத்துக்கலாம்” என்றார். உன் கையெழுத்தும் வேண்டும் என்பதால் உன்னோடு பேச நம்பர் கேட்டார்கள். கொடுத்தேன்.

அடுத்த வாரம் பெரியநாயகி மட்டும் வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி. அதை என் கையில் கொடுத்து, “மனசுல எதுவும் வெச்சுக்காதீங்கம்மா, எங்க கொழந்தைங்களை வாழ்த்துங்க” என்றாள். வீட்டுக்கு வந்தவளுக்கு நான்தானே தாம்பூலம் கொடுக்க வேண்டும், அவள் எனக்கு ஏன் கொடுக்கிறாள் என்று புரியவில்லை. நல்ல மனுஷி என்று நினைத்து வாழ்த்தி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

போனில் பேசுகிறவர்களிடமெல்லாம் நீ ஆபீஸ் வேலைக்கு நடுவிலும் பொறுமையாகப் பேசுகிறாயாம். “தம்பி அவ்ளோ மரியாதையா பேசிச்சாம்மா” என்று முனுசாமி சொல்கிறார். எனக்காக நீ இவ்வளவு மெனக்கெடுவது எனக்குத் தெரியும்.

என் அவசரம் உனக்கும் தெரியும். தலைமையாசிரியை பதவி முதலில் வந்தபோது அப்பா படுக்கையில் இருந்தார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது முறை அம்மா. இந்த மே மாதம் மறுபடி என் முறை வருகிறது, ஆரணிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி என்கிறார்கள். மறுத்தால் பட்டியலில் இருந்தே எடுத்துவிடுவார்கள். ஓய்வு பெறும்வரை ஒன்பதாம் வகுப்புக்குப் புணர்ச்சி விதி சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆளில்லாமல் பூட்டினால் வீடு பாழாகிவிடும், விற்கும்வரை நீ வீட்டில் இரு அக்கா என்று நீ சொன்னது நியாயம். அதனால்தான் ஜூனுக்குள் ஒருவர் கையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று தவிக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்பு அக்கா,
வரலக்ஷ்மி


சின்ன காஞ்சிபுரம்
23-3-2003

சிரஞ்சீவி சம்பத்துக்கு ஆசீர்வாதம்.

ரக்ஷாவின் போட்டோ வந்தது. மூக்கு அம்மாவுடையது, சந்தேகமே இல்லை. பள்ளிக்கு எடுத்துப்போய் எல்லோரிடமும் காட்டினேன்.

வீட்டுக்கு வெள்ளையடித்தேன். ஒருவேளை வாஸ்து சரியில்லையோ என்று முனுசாமி ஒருவரை அழைத்து வந்தார். அவர் திசைகாட்டியை வைத்துக்கொண்டு கொல்லைவரை போய் வந்து, குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார். சொல்லும்போது அவருக்கே வருத்தமாக இருந்தது. ஒன்றுமில்லை என்று சொன்னதற்கும் பணம் வாங்கிக்கொண்டார்.

ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு இன்ஜினியர் வந்தார். முதலில் அவரும் மனைவியும் பார்த்தார்கள், பிறகு உன்னோடு பேசினார்கள், பிறகு அவருடைய தாயாரை அழைத்து வந்தார்கள். அந்த அம்மாள் வீட்டைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. என் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த வீட்டை விட்டுப் போறதுல உங்களுக்கு வருத்தமாம்மா?” என்று கேட்டாள். இப்படி ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? எப்போது தொலையும் என்று இருக்கிறேன் என்றா சொல்ல முடியும்? பிறந்த வீட்டைப் பற்றி வாயால் அப்படிச் சொல்லலாமா? “பிறந்து வளர்ந்த வீடாயிற்றே, வருத்தம் இல்லாமல் இருக்குமா” என்றேன். மரியாதைக்குச் சொன்னதுதான்.

அந்த நேரம் பார்த்து என் இடது கண். உனக்குத் தெரியும், நீர்க்குழாய் அடைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக வடிகிறது. தலைப்பால் ஒற்றிக்கொண்டேன். அந்த அம்மாள் காபியைத் தொடாமல் எழுந்துவிட்டாள். வாசலில் மகனிடம் “வேணாம்டா, வேற பாக்கலாம்” என்றது எனக்கே கேட்டது.

என்னிடம் சொல்ல ஏதோ கூச்சப்படுகிறார்கள் என்று தோன்றுகிறது. உன்னிடம் மனம்விட்டுப் பேசுகிறார்களே, என்ன குறை என்று நீ நயமாகக் கேட்டுப் பார். தெரிந்தால் சரி செய்துவிடுவேன்.

உன் அன்பு அக்கா,
வரலக்ஷ்மி


சின்ன காஞ்சிபுரம்
18-5-2003

சம்பத்குமாருக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை.

குறை என்னவென்று நான் கேட்டதற்கு நீ போனில், மார்க்கெட் சரியில்லை அக்கா, அவசரப்படாதே என்றாய். அதை நம்பிக்கொண்டிருந்தேன். போன திங்கட்கிழமை ஏனாத்தூர் பழனியும் மனைவி பொன்னியம்மாளும் வீடு பார்த்தார்கள். காலேஜ் பக்கம் இருந்த நிலத்தை விற்றுவிட்டுச் செங்கல், ஜல்லி வியாபாரம் செய்கிறவர்கள். பிள்ளைகளின் படிப்புக்காக ஊருக்குள் வீடு தேடுகிறார்கள். பழனி உன்னோடு பேசினார். மறுநாள் பொன்னியம்மாள் தனியாக வந்து, கூப்பிடாமலே நேராகச் சமையலறைக்கு வந்து நின்றாள்.

“ஏம்மா, நல்லாத்தானே இருக்குற? உன் தம்பி என்னாத்துக்கு அப்படி சொல்லிச்சு?” என்றாள். என்ன சொன்னான் என்று கேட்டேன். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

“எங்க வூட்டுக்காரரு ஃபோன்ல பேசுனாரு. உன் தம்பி, எங்க அக்கா கல்யாணம் ஆவாதவங்க, விக்கிறதுல அவங்களுக்கு இஷ்டமே கெடையாது, எனக்கோசரம் அழுதுக்கினே கையெழுத்து போடுவாங்க, உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரலன்னு சொல்லிச்சாம். எனக்கு மூணு புள்ளைங்கம்மா. கல்யாணம் ஆவாத பொண்ணு கண்ணீர் உட்டு குடுத்த வூட்ல அதுங்கள எப்படி குடி வெப்பேன்? அதான், உன் வாயால கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்.”

நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றி முடித்து அவள் கையில் கொடுத்தேன். எனக்கு விற்க முழுச் சம்மதம், யாருக்காகவும் இல்லை, எனக்காகத்தான் விற்கிறேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி சரி, அழுவாதம்மா” என்றாள். அது கண் வியாதி என்றேன். “எங்க பெரியம்மாவும் இப்படித்தான் சொல்லும், தூசி பூந்துக்கிச்சுன்னு” என்றாள். நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு அது அழுகையை மறைக்கிற பேச்சாகவே படுகிறது.

ஒருத்தி சொன்னதை வைத்து உன்னைச் சந்தேகப்படக் கூடாது என்று முனுசாமியை வரச் சொன்னேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “எல்லாருமே இதைத்தாம்மா சொல்லிட்டுப் போனாங்க. நான் எப்படிம்மா உங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது? அக்காவுக்குத் தெரிய வேணாம், மனசு ஒடைஞ்சிருவாங்கன்னு தம்பி வேற சொல்லிச்சு” என்றார். பிறகு காந்தி ரோட்டுக் கடைக்கும் போனேன். என்னைப் பார்த்ததும் பெரியநாயகி கல்லாவில் இருந்து எழுந்து நின்றுவிட்டாள். அவளிடமும் அதே வார்த்தைகள், அதே வரிசையில். அவள் கொடுத்த ரவிக்கைத் துணி எதற்கென்று அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. என் வயிற்றெரிச்சல் அவள் பிள்ளைகள் மேல் படாமல் இருக்க.

நம் ஊர்க்காரர்கள் எதற்குப் பயப்படுவார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. பேய் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். பத்திரத்தில் வில்லங்கம் என்றிருந்தால் வக்கீலிடம் போயிருப்பார்கள். அக்கா கல்யாணம் ஆகாதவள் என்றாய். அதற்கு யார் என்ன செய்ய முடியும்? அதுவும் பொய்யில்லை.

ஏன் என்று யோசித்தேன். வைகாசிக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்ன அன்று, மாடி அறைக்கு ஏ.சி. போட்டுவிடு அக்கா, ரக்ஷாவுக்கு வியர்க்குரு வந்துவிடுகிறது என்றாய். விற்கப்போகிற வீட்டுக்கு ஏ.சி. எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடைக்காரரிடம் விலைகூட விசாரித்து வைத்தேன். வைகாசிக் கருட சேவைக்கு வந்து இறங்க உனக்கு ஒரு வீடு வேண்டும். வருகிற அன்று சாம்பார் கொதிக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து நீ போன பிறகு ஜன்னல்களைச் சாத்தி, தினம் விளக்கேற்றிக்கொண்டு, அடுத்த வைகாசிவரை இங்கே ஒருத்தி இருக்க வேண்டும்.

விற்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருக்கலாமே, சம்பத். சண்டை போட்டிருப்போம். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு ஏதாவது ஒரு வழி செய்திருப்போம். எதிரில் சரி என்றுவிட்டு, ஊரைவிட்டே என்னைப் போக விடாமல் கட்டிப்போட என்னையே கயிறாகத் திரித்திருக்கிறாய்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். என் ஜாதகம் மூன்று இடத்திலிருந்து திரும்பி வந்த பிறகு அப்பா அதை எடுத்து உள்ளே வைத்தார். அன்றிலிருந்து கல்யாணம் ஆகாதவள் என்ற வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மா கோபத்தில்கூடச் சொன்னதில்லை. அடுத்த வீட்டில் சொல்லியிருப்பார்கள், என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். முதல்முதலாக நம் வீட்டு வாயிலிருந்து அது வந்திருக்கிறது, அதுவும் வீடு பார்க்க வந்த அந்நியர்களிடம். ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரிடமும். நான்தான் ஒவ்வொருவருக்கும் உன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

ஆரணிக்கு உத்தரவு வந்துவிட்டது. வாங்கிக்கொண்டேன். பள்ளி திறக்கிற அன்று போய்ச் சேருவேன். அங்கே ஒரு டீச்சர் வீட்டு மாடியில் ஒற்றை அறை பேசியிருக்கிறேன். வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் போகிறேன். கருட சேவைக்கு நீ வரும்போது சாவி முனுசாமியிடம் இருக்கும்.

பொன்னியம்மாள் இந்த மாதம் முடியும்வரை வேறு வீடு பார்க்க மாட்டேன் என்றிருக்கிறாள். அவளுக்கு வீடு பிடித்திருக்கிறது, கிணற்றடியை விட்டு நகரவே இல்லை. ஆனால் என் வார்த்தை அவளுக்குப் போதாது. “உன் தம்பி வாயால சொல்லட்டும்மா, அன்னிக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்” என்கிறாள். நீ சொன்னதை நீதான் திருப்பி எடுக்க வேண்டும். அக்கா மனசாரக் கொடுக்கிறாள் என்று ஒரு வாக்கியம். அவர்கள் நம்பர் உன்னிடம் இருக்கிறது. சொல்ல முடியாது என்றால் அதை என்னிடம் நேராகச் சொல்.

வழக்கமாக முதல் வரியில் எழுதும் ஆசீர்வாதத்தை இந்த முறை எழுதவில்லை. கை வரவில்லை. ஆனால் எழுதாமல் உறையை ஒட்டினால், கல்யாணம் ஆகாத ஒருத்தியின் மனக்குறைக்கு என்னவெல்லாம் சக்தி என்று ஊரையே நம்ப வைத்தவன் நீ, ராத்திரி குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தால்கூடப் பயப்படுவாய். அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

நீயும் ஸிந்துஜாவும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இதை நான் மனசார எழுதியிருக்கிறேன். பொன்னியம்மாளைப் போல நீயும் சந்தேகப்படாதே.

வரலக்ஷ்மி