கன்வெக்டருக்குள் இருந்த பிஸ்கற் பேணிகள்

என் உயிர் மச்சான் தேவா,

அங்கே குளிரா, வெக்கையா? எதுவானாலும் நீ குறை சொல்லிக்கொண்டுதான் இருப்பாய். இங்கே நவம்பர் பிறந்துவிட்டது. உன் மனைவி, என் தங்கச்சி வசந்தி, மோர்னிங்சைட் றோட்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு திரிகிறாள். சுகமாக இருக்கிறாள்.

உனக்கொரு புதினம். இதய வருத்தத்தோடு நீ கடைசிக் குளிர்காலம் முழுக்க இருந்தாயே, அந்தப் பழைய முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நீராவிப் பொயிலரை மாற்றப் போகிறார்கள். ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே இருக்கிற கன்வெக்டர் எவ்வளவு சூடு தருகிறதென்று நான் மதிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். எல்லாம் எங்கள் வயதை விட மூத்த தகரப் பெட்டிகள். செய்தவன் பெயரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஒன்றாக இந்த வேலை பார்த்த காலத்து எங்கள் பழைய சண்டை நினைவிருக்கிறதா? நீளம், உயரம், ஆழம் அளந்து அட்டவணையில் பார்த்தால் போதும் என்பேன் நான். நீ விடமாட்டாய். “நீராவி சூட்டை இறக்கி வைச்சிட்டுத் தண்ணியாத்தான் திரும்புது. அந்தத் தண்ணியைப் பிடிச்சு நிறுத்துப் பாரடாப்பா!” என்பாய். வாளியும் மீன் நிறுக்கிற தராசுமாக நீ வந்து நிற்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

போன மாசியில், “மச்சான், இந்த அறைக்குச் சூடு காணாது” என்று நீ சொன்னபோது நான் என்ன செய்தேன்? பெட்டியை வெளியே மட்டும் அளந்தேன். “பெட்டியில ஒரு பிழையும் இல்லை, உனக்குத்தான் ரத்தம் சுண்டிப்போச்சு” என்றேன். நீ சிரித்துவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்தினாய். பங்குனியில் போய்விட்டாய். என் மச்சானைக் குளிரில் விட்டுவிட்டேனோ என்ற எண்ணம் எட்டு மாதமாக என்னை அரித்தது. வசந்தியிடம்கூடச் சொல்லவில்லை.

போன செவ்வாய் உன் அறைக்குள் போனேன். இப்போது அங்கே தங்கம் அன்ரி இருக்கிறா. “தம்பி, பக்கத்து அறை நல்ல வெக்கை. உந்தப் பெட்டிக்கு என்மேல என்ன கோபமோ தெரியாது” என்றா. நான் அளக்கிற ரேப்பை எடுக்கவில்லை. வசந்தியிடம் கேட்டு வாங்கி வந்த உன் வாளியை எடுத்தேன். பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, தண்ணீர் திரும்பும் குழாயைக் கழற்றிப் பத்து நிமிடம் பிடித்தேன். பக்கத்து அறையிலும் அப்படியே. இரண்டும் ஒரே அளவுப் பெட்டி. உன் அறைத் தண்ணீர் பாதிதான் இருந்தது.

மேல் தட்டைத் தூக்கினேன். அட பாவி! சூடு வெளியேறுகிற வாயை அடைத்தபடி, கம்பி கட்டி அழகாகத் தாங்கவைத்த மூன்று தகர பிஸ்கற் பேணிகள். மூன்றிலும் தட்டை மாதிரி மொறுமொறுக்கிற பருத்தித்துறை வடை. எட்டு மாதமாகியும் உடைத்தால் சத்தம் கேட்கிறது!

உப்பும் எண்ணெயும் தொடக்கூடாது என்று டொக்ரர் சொன்னதும், வசந்தி உன் மேசை லாச்சியெல்லாம் இழுத்துக் கிளறியதும் எனக்குத் தெரியும். ஆனால், வாயை அடைத்தால் சூடு வராதென்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? நீயே அடைத்துவிட்டு என்னிடமே முறையிட்டிருக்கிறாய். என் அட்டவணைக்குச் சோதனை வைத்தாயா? வடையை உனக்கு வாங்கித் தந்த புண்ணியவான் யார்?

தங்கம் அன்ரி எட்டிப் பார்த்து, “தம்பி, உது இன்னும் தின்னலாமோ?” என்று கேட்டா. பேணிகளைப் பறித்துக்கொண்டு வெளியே வர வேண்டியதாகிவிட்டது. பின்னேரத் தேத்தண்ணி வருவதற்குள் அன்ரி சால்வையைக் கழற்றிவிட்டா. வசந்திக்குச் சொன்னேன். “செத்தும் ஒளிச்சு வைச்சிருக்கிறாரே மனுசன்!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள். நானும்தான்.

இரவு சாப்பிடும்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிறுதோறும் நான் வரும்போது, வசந்தி கன்ரீனுக்குப் போகிற நேரம் பார்த்து, கையில் இரண்டு வடை வைப்பாயே. எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். எங்கிருந்து வருகிறதென்று ஒருநாளாவது கேட்டேனா? வாயை மூடிக்கொண்டு தின்றேன்.

மச்சான், இனி யாராவது குளிருது என்றால், முதலில் அவர்களை நம்புவேன். பிறகு உன் வாளியை வைப்பேன். அட்டவணையைக் கடைசியில்தான் திறப்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன் அறைச் சூட்டில் பாதியைத் தின்று தீர்த்த,
உன் மச்சான்,
குகன்