நாலு பைட் மிச்சம்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவை வேலையை விட்டு அனுப்பி இன்றோடு பத்தொன்பது நாள். நான் மட்டும் அதே கம்பெனிக்கு, அதே பஸ்ஸில், அவள் உட்காரும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போய்வருகிறேன்.

குஞ்சு பொரிக்கும் இயந்திரங்களுக்கு மூளை செய்து விற்கிற கம்பெனி. எவ்வளவு சூடு, முட்டையை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், எல்லாம் எங்கள் கோட் சொல்வதுதான். ஒரு பண்ணையில் கரண்ட் போய் வந்தது. வந்ததும் இயந்திரம் தனக்குள் எழுதி வைத்திருக்கும் ஆரம்ப அளவுகளை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டது. முப்பத்தேழரை டிகிரிக்குப் பதிலாக ஆறு டிகிரி. அதன் கணக்கில் ஆறுதான் சரியான சூடு, அதற்குக் கீழே இறங்காததால் அலாரமும் அடிக்கவில்லை. நாலாயிரம் முட்டை அப்படியே குளிர்ந்து செத்தது.

அந்த அளவுகளை எழுதியது அக்கா. அதனால் அக்கா வெளியே. அரை மணி நேரம்கூட விசாரிக்கவில்லை.

ஆனால் அவள் எழுதியதில் தப்பே இல்லை. எந்த அளவு எந்த வரிசையில் என்று சொல்கிற ஹெடர் ஃபைலில் யாரோ வரிசையை மாற்றியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. கொட்டாவிதான். எங்கள் டீம் லீடர். எந்த மீட்டிங்கிலும் முழுதாக வாயைப் பிளக்காமல் இருந்ததில்லை, அதனால் அந்தப் பெயர். அவர் பெயரில்தான் அந்த மாற்றம் ஏறியிருக்கிறதாம், அக்காவே பார்த்திருக்கிறாள். "அதைக் காட்ட வேண்டியதுதானே" என்றேன். "எல்லார் கோடும் அவர் லாகின்லதான்டி ஏறுது. அதை வெச்சு என்னத்தைக் காட்ட?" என்றாள்.

உண்மைதான். முதலாளி ஒரே ஒரு லைசன்ஸ் வாங்கி, பதினொரு பேரையும் ஒரே ஆளின் பெயரில் கோட் ஏற்ற வைத்திருக்கிறார்.

மார்ச் 4, புதன்

அம்மா மருந்துக் கடையிலிருந்து வந்ததும் கேட்டாள், "அவ அப்படி என்னதான் தப்பு பண்ணினா? எனக்குப் புரியற மாதிரி ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்க."

சொன்னேன். சி மொழியில் ஸ்ட்ரக்சர் என்று ஒன்று, நாலு அறை உள்ள டப்பா மாதிரி. ஒவ்வோர் அறைக்கும் பெயர் உண்டு. பெயர் சொல்லியும் மதிப்பைப் போடலாம், பெயரே சொல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகவும் போடலாம். அக்கா வரிசையாகப் போட்டாள். அப்புறம் ஒருவன் அறைகளை இடம் மாற்றிவிட்டான். சூடு இருந்த இடத்தில், முட்டையைத் திருப்பும் நிமிடக் கணக்கான அறுபது போய் விழுந்தது. சூட்டைப் பத்தில் ஒரு டிகிரியாக எண்ணுகிற இயந்திரத்துக்கு அறுபது என்றால் ஆறு டிகிரி.

"அறை மாறினது அந்த மெஷினுக்குத் தெரியாதா?"

"நாங்க எழுதறதை மெஷின் பாஷைக்கு மாத்தற கம்பைலருக்குத் தெரியும்மா. ஆனா சொல்லாது. எண்ணு எண்ணா இருந்தா போதும்னு ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருக்கும்."

"எங்க கடையில அலமாரி அடுக்கை மாத்தினா, ஒட்டின பேரைப் பார்க்காம மாத்திரை எடுத்தா அன்னிக்கே ஜெயில்தான். உங்க ஆளுங்க படிச்சவங்கதானே?"

நான் படிக்கவில்லை. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவள். அதைச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று முடிவு செய்துவிட்டேன். கம்பைலரை வாய் திறக்க வைக்கப் போகிறேன். ஊரே பயன்படுத்துகிற கம்பைலர், கோட் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. பெயர் சொல்லாமல் ஸ்ட்ரக்சரை நிரப்பினால் கத்துகிற மாதிரி ஒரு வார்னிங். அது வந்தால் அக்கா பக்கம் நியாயம் இருந்தது என்று உலகத்துக்கே எழுதிவைத்த மாதிரி.

மார்ச் 7, சனி

கம்பைலர் கோடில் நான் செய்த மாற்றத்தை ஒரு பேட்சாக அனுப்பினேன். பூனை பதில் போட்டிருக்கிறார்.

பூனை. எனக்கு.

நாலு வருஷமாக அவர் பேச்சை ஒன்று விடாமல் பார்த்தவள் நான். முகம் தெரியாது, படத்தில் ஒரு சாம்பல் பூனை மட்டும். அந்தக் கம்பைலரில் எந்த வார்னிங் நுழைய வேண்டுமானாலும் அவர் கையெழுத்து வேண்டும். என் போனின் முகப்புப் படம்கூட அந்தப் பூனைதான்.

பதில் இரண்டு வரி: "இதை எங்கள் கோட் மேலேயே ஓட்டிப் பார்த்தேன். பதினோராயிரம் வார்னிங். இவ்வளவு கத்தினால் எல்லாரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள்."

அவ்வளவுதான். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. கண்ணு கலங்கிருச்சு, சே.

மார்ச் 14, சனி

ஒரு வாரமாகத் திருத்துகிறேன். இப்போது எல்லா ஸ்ட்ரக்சருக்கும் கத்தாது. எழுதியவரே "இதைப் பெயர் சொல்லித்தான் நிரப்ப வேண்டும்" என்று ஒரு முத்திரை குத்தியிருந்தால் மட்டும்தான். பெருமையாக அனுப்பினேன்.

பூனை: "வெறும் பூஜ்யம் போட்டு மொத்தத்தையும் காலி செய்வார்களே, அதற்கும் கத்துகிறதே. சோதித்தீர்களா?"

சோதிக்கவில்லை. உலகத்தில் சி எழுதுகிற அத்தனை பேரும் தினமும் செய்கிற காரியம் அது. மானம் கப்பலேறியது. கீழே முன்பின் தெரியாத ஒருத்தன் சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தான்.

மார்ச் 19, வியாழன்

அக்கா மூன்றாவது இன்டர்வியூ போய்விட்டு வந்தாள். "ஏன் விட்டீங்கன்னு கேட்டாங்க. கவனக்குறைவுன்னு லெட்டர்ல போட்டிருக்கு, நான் வேற என்ன சொல்ல?" என்றாள். படுக்கப் போனவள் எழுந்து கேஸ் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுபடி எழுந்து போனாள்.

முன்பெல்லாம் என் கோடில் முற்றுப்புள்ளி தப்பினால்கூடக் கண்டுபிடிப்பாள். இப்போது அவள் தன்னையே நம்பவில்லை. எல்லாம் அந்தக் கொட்டாவியால்.

மார்ச் 21, சனி

பூனைக்குப் பிடித்துவிட்டது. "கோட் சரி. இனி காரணம் எழுதுங்கள். இந்த வார்னிங் இல்லாததால் நிஜமாக என்ன நடந்தது? பேட்சோடு அது நிரந்தரமாக இருக்கும், தேதியோடு துல்லியமாக எழுதுங்கள்."

எழுதினேன். ஆசை தீர எழுதினேன். "பொறுப்பில்லாத ஒரு டீம் லீடர், யாரிடமும் சொல்லாமல், எதையும் பார்க்காமல்" என்று ஆரம்பித்து ஒரு பக்கம். தேதி மட்டும் பாக்கி. திங்கள்கிழமை ஆபீஸில் பார்த்துப் போட வேண்டும்.

மார்ச் 23, திங்கள்

அக்டோபர் 16, மதியம் 3.40. கொட்டாவியின் லாகின். மாட்டினான் என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்த வாரம் அவர் ஆபீஸில் இல்லை. கண் ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடியோடு இருபதாம் தேதிதான் திரும்பி வந்தார். வழக்கமாக அவரே வந்து போடுகிற பாஸ்வேர்டை, போகும் முன் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்.

என் மேஜையில்.

இல்ல, நான் இல்ல. நான் எதுக்கு அதைத் தொடப்போறேன். அப்படித்தான் ரொம்ப நேரம் சொல்லிட்டு இருந்தேன். அப்புறம் போனை எடுத்து என் பழைய பதிவுகளைத் தேடினேன். அக்டோபர் 16. படத்தோட போட்டிருக்கேன். "பெரிய அறைகள் முன்னாடி, சின்னது பின்னாடி அடுக்கினால் நடுவில் இடம் வீணாகாது. ஒரு ஸ்ட்ரக்சருக்கு நாலு பைட் மிச்சம். இன்று மட்டும் ஒன்பது ஹெடர்." இருபத்திரண்டு ஹார்ட்.

ஏதோ வீடியோவில் பார்த்த வித்தை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். பில்ட் ஓடியது, கம்பைலரிடமிருந்து ஒரு வார்னிங்கும் வரவில்லை, ஏற்றிவிட்டேன். அந்தச் சிப்பில் பாதி மெமரி காலியாகத்தான் கிடக்கிறது. யார் கேட்டா அந்த நாலு பைட்டை? யாருடி கேட்டா?

மார்ச் 24, செவ்வாய்

சொல்லவில்லை.

மார்ச் 26, வியாழன்

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. லாகின் அவருடையது. அந்தப் பதிவை அழித்துவிட்டேன். காரணத்தில் "ஒரு நிறுவனத்தில்" என்று மொட்டையாகப் போட்டால் பூனையும் ஒத்துக்கொள்வார்.

அழித்த கை என்னுடையதுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கொட்டாவி இன்று என் மேஜைக்கு வந்து, "சாப்பிட்டியாம்மா? முகமே சரியில்லையே" என்றார்.

மார்ச் 28, சனி

சொன்னேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஹெடரை மாத்தினது நான்தான்க்கா."

"எந்த ஹெடரை?" என்றாள் முதலில். பிறகு மடிப்பது நின்றது.

"எதுக்கு?"

"இடம் மிச்சம் பிடிக்க."

"எவ்வளவு?"

"நாலு பைட்."

தலையாட்டினாள், கடைக்காரன் விலை சொன்னதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. "அதை யார் யார் நிரப்பியிருக்காங்கன்னு ஒரு தடவை தேடிப் பார்த்திருக்கலாமேடி. ரெண்டு நிமிஷ வேலை."

"பில்ட் ஆச்சுக்கா. வார்னிங் எதுவும் வரல."

"பக்கத்து மேஜையிலதானே நான் இருந்தேன்?"

கீழே விழுந்த ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"நாற்பத்தி நாலு நாளா அடுப்பை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனான்னு எழுந்து எழுந்து பார்க்கறேன். நான் சரியா இல்லையோன்னு. நீயும் அதே ரூம்ல படுத்து, நான் போறதையும் வர்றதையும் பார்த்துட்டு இருந்த."

"எனக்குத் திங்கள்கிழமைதான் தெரியும்க்கா. சத்தியமா."

"இன்னிக்கு சனிக்கிழமை" என்றாள்.

மார்ச் 30, திங்கள்

முதலாளி அறையில் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "ஊருக்கெல்லாம் வார்னிங் தயாரிக்கிறியாமே. எங்களுக்கு ஒன்னு முன்னாடியே குடுத்திருக்கலாம்" என்றார். இன்றே கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார். அக்கா வேண்டுமானால் நாளையே வரலாமாம்.

அங்கே உட்கார்ந்திருந்த கொட்டாவி எழுந்து, "பாஸ்வேர்டை ஒட்டிட்டுப் போனது நான். அவ போட்டதைத் திரும்பி வந்து பார்க்காததும் நான்தான். அதையும் அந்தப் பேப்பர்ல சேர்த்துக்கோங்க" என்றார். ஒரு மாதமாக அந்த மனிதரைத்தான் மனசுக்குள் கழுவிலேற்றிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னபோது அக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"தப்பு பண்ணலைன்னு தெரிஞ்சதால சேர்த்துக்கறாராமா? பண்ணியே இருந்தாலும், என்னம்மா ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல. நான் போகல."

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் பக்கம் பேசுவாள் பாவம்.

ஏப்ரல் 2, வியாழன்

காரணத்தை மாற்றி எழுதினேன். "அக்டோபர் 16 அன்று நான் ஒரு ஸ்ட்ரக்சரின் வரிசையை மாற்றினேன். யார் அதை வரிசைப்படி நிரப்பியிருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. கம்பைலர் எதுவும் சொல்லவில்லை. நாலாயிரம் முட்டை வீணானது. தவறு செய்யாத ஒருவருக்கு வேலை போனது." கீழே என் பெயர்.

இணையத்தில் இத்தனை வருஷம் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். எதையும் அழித்துவிடலாம் என்ற தைரியத்தில் எழுதியவை. இதை அழிக்க முடியாது.

ஏப்ரல் 20, திங்கள்

வார்னிங் உள்ளே போய்விட்டது. பூனை, "தெளிவான குறிப்பு. ஏற்றுக்கொண்டேன். நன்றி" என்று எழுதியிருந்தார். ஒரு காலத்தில் அந்த நன்றிக்குத் தெருவில் ஆடியிருப்பேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

அந்தக் குறிப்பை யாரோ பகிர்ந்திருக்கிறார்கள். "எதையும் பார்க்காமல் வரிசையை மாற்றுகிற மடையர்களுக்கு எதற்கு வார்னிங்?" என்று ஒருவர். அறுபத்தோரு ஹார்ட். பழைய நானாக இருந்தால் முந்நூறு வரிக்குச் சண்டை போட்டிருப்பேன்.

மே 10, ஞாயிறு

அக்கா ஹாஸ்டலுக்குப் போனாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, இரண்டு பஸ் தூரம். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். "அலைச்சல்மா" என்றாள். இனி கோட் எழுத மாட்டாளாம். பெட்டியைத் தூக்கப் போனேன், அவளே தூக்கிக்கொண்டாள்.

ஜூன் 7, ஞாயிறு

எங்கோ இருக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். மருத்துவமனைக் கருவிக்குக் கோட் எழுதுகிறவர். நம் வார்னிங்கைப் போட்டுப் பார்த்தாராம், மூன்று இடத்தில் அறை மாறியிருந்ததாம். "எங்கள் டீமில் எவர் தலையோ தப்பியது. நன்றி" என்று இருந்தது.

இரண்டு தடவை படித்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது.

மத்தியானம் அக்கா அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே காய் நறுக்கினாள். சம்பளம், சாப்பாடு, ஹாஸ்டல் தண்ணீர் எல்லாம் பேசினார்கள். கடைசியில் அம்மா, "தங்கச்சிகிட்ட குடுக்கட்டுமா?" என்றாள்.



"அவ வெளிய எங்கயாவது போயிருப்பாம்மா. அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் அக்கா.

நான் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். "ஆமா, வெளிய போயிருக்கா" என்றாள்.