தகப்பன் கண்

1931, ஆனி மாதம், வெள்ளிக்கிழமை. மயிலாப்பூர்.

மகள் கமலா பி.ஏ. தேறிவிட்டாள், அதுவும் முதல் வகுப்பில்! காலையில் பேப்பரும் கையுமாக என் எதிரே வந்து நின்றாள். பெற்ற பெண்ணை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். "சரி" என்று மட்டும் சொன்னேன். கோர்ட்டில் நாளெல்லாம் வாதாடுகிற வக்கீலுக்கு வேறு வார்த்தை அகப்படவில்லை. அவள் முகம் வாடியதைப் பார்த்தும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பகல் முழுவதும் பெருமை நெஞ்சை அடைத்தது. யாரிடமாவது கொட்டியாக வேண்டும். சாயங்காலம் சாந்தோம் கடற்கரைக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு மீன்காரியிடம் சொன்னேன்: "என் பொண்ணு பி.ஏ. பாஸ் பண்ணிட்டா."

அவள் சிரித்துவிட்டாள். "இன்னா சாமி, அத்த எங்கிட்ட சொல்லிக்கினு கீறே? ஊட்டுக்குப் போய் பொண்ணாண்ட சொல்லு."

வீடு திரும்பியபோது மனைவி உப்பும் மிளகாயும் எடுத்துக் கமலாவுக்குத் திருஷ்டி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நம்மாத்துல யார் கண்ணும்மா படப்போறது? அப்பா ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே" என்றாள் கமலா.

வாசற்படியில் நின்றபடியே சொன்னேன்: "இன்னும் நாலு மிளகாய் சேர்த்துக்கோடி. என் கண்ணுதான் பட்டிருக்கும்."

கமலா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை.

மனைவி மிளகாயை அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. அத்தனையும் என் கண்தான்.