பதுவா பேராலயத்தில் நான் வேண்டியது

என் செல்ல அம்மா,

நேற்று நம் டாக்குரியா வீட்டில் உன் முதலாம் ஆண்டு நினைவு. பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட வந்தார்கள். அண்ணன் எழுந்து நின்று உன்னையும் என்னையும் பற்றி ஒரு கதை சொன்னான். நடந்தது அதுவல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மொழி படிக்க இத்தாலிக்குப் புறப்பட்டபோதே உனக்குச் சிறுநீரகம் பாதி போயிருந்தது. "போயிட்டு வா, நான் எங்கயும் ஓடிப் போகமாட்டேன்" என்று நீதான் அனுப்பி வைத்தாய். எங்கள் வகுப்பைப் பதுவாவுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றதும் போனில் குழந்தை மாதிரி சிரித்தாய். "கோடி அற்புதர் அந்தோணியார் கல்லறையில கைய வெச்சு எனக்காக வேண்டிக்கோ" என்றாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. அப்புறம் எப்போது கூப்பிட்டாலும் அண்ணன்தான் எடுத்தான். "அம்மா மாத்திரை போட்டுத் தூங்குறாங்க. டிரிப் முடிச்சிட்டுப் பேசு."

பேராலயத்தில் கூடப் படித்தவர்கள் குவிமாடங்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் கல்லறை வரிசையில் நின்றேன். கல் சில்லென்று இருந்தது. கை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. அங்கே நின்ற துறவி, யாருக்காக என்று கேட்டார். "என் அம்மாவுக்கு. உடம்பு சரியில்லை, பிழைக்க வேண்டும்" என்று அவர்கள் மொழியிலேயே சொன்னேன். பின்னால் இருந்த ஆசிரியை, ஒரு பிழைகூட இல்லை என்று தோளில் தட்டினார்.

அப்போது உன்னைப் புதைத்து முடித்திருந்தார்கள், அம்மா.

வெளியே வந்து ஆலயத்தின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். உடனே பக்கத்து வீட்டு மிட்டு தீதி கூப்பிட்டார். "கெந்தோ நா, அழாதே. மாஷிமா சொர்க்கத்திலிருந்து உன்னைப் பார்ப்பார்" என்றார் வங்காள மொழியில். உன்னைத்தானே அவர் மாஷிமா என்பார்? எனக்குப் புரியவில்லை. "மாஷிமாவுக்கு என்ன?" என்று கேட்டேன். அவர் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

அண்ணனைக் கூப்பிட்டேன். "நீ வந்து என்ன செஞ்சிருக்கப் போற? படிப்புதான் கெட்டிருக்கும்" என்றான்.

நேற்று அவன் சொன்ன கதை இது: "தங்கச்சி அந்தோணியார் கல்லறையிலயே அம்மாவோட ஆத்மாவுக்கு வேண்டினா. யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?" சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஆத்மாவுக்கு இல்ல. அம்மா பிழைக்கணும்னு வேண்டினேன். செத்துப்போனத நீ எனக்குச் சொல்லவே இல்ல."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அம்மாதான் சத்தியம் வாங்கினாங்க. தெரிஞ்சா படிப்ப விட்டுட்டு ஓடி வந்துருவான்னாங்க."

நிஜமாகவா, அம்மா? என் முகத்தைப் பார்க்காமலே போனால் போதும் என்று நினைத்தாயா? அல்லது நீ மறுத்துப் பேச முடியாது என்ற தைரியத்தில் அவன் உன் பின்னால் ஒளிந்துகொள்கிறானா? யாரிடம் போய்க் கேட்பேன்?

அந்தப் படிப்பு வேலை வாங்கித் தந்தது. தோல் பைகள் செய்யும் கம்பெனி ஒன்றில் இத்தாலியிலிருந்து வரும் மெயில்களை மொழிபெயர்க்கிறேன். கைப்பிடி பழுப்பா கறுப்பா என்று கேட்பார்கள். இதற்காகவா?

இந்தக் கதையை இனி யார் இனிப்பாகச் சொன்னாலும் குறுக்கே பேசுவேன். சபை பார்க்கமாட்டேன். கல்லறைத் தோட்டத்துக்கு அண்ணனோடு வரமாட்டேன், தனியாக வருவேன். பூ கொண்டுவருவேன், கோபத்தையும் கொண்டுவருவேன். இரண்டையும் நீ வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

உனக்கு ஒரு பிடி மண் போட விடப்படாத உன் மகள்,
ஸ்டெல்லா