பெர்னடெட் ஆடிய டிஸ்கோ

குருநகர்
3.9.94

அண்ணையின் பெண்சாதி யசிந்தாவுக்கு,

சுகம் விசாரிக்க எழுதவில்லை. உமது வாசல் மிதிப்பதில்லை என்று சத்தியம் பண்ணியவள், ஆனபடியால் கடிதம்.

உமது மகன் கிறிஸ்துநாயகம் எங்கள் நாடக மன்றத்தில் எழுபத்தெட்டாம் ஆண்டில் நடந்ததாக ஒரு டிஸ்கோ நாடகம் பழக்குகிறான். பெல்பொட்டம், கரண்ட் இல்லாதபடியால் சைக்கிள் மிதித்து டைனமோவில் கசெற் பாட்டு, வலை மிதவையில் கண்ணாடித் துண்டு ஒட்டிய மினுக்கப் பந்து. ஆடட்டும். ஆனால் கதையில் மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி நத்தார்ப் பண்டிகைக்குக் கதாநாயகனோடு ஆடிவிட்டு, பேசி முடித்த கலியாணத்தைத் தானே உதறிவிட்டுப் போகிறாளாம். அந்தச் சட்டையைத் தைத்தவள் நான். போட்டு ஆடியவள் உமது மகனுக்குப் பேசியிருந்த என் மகள் பெர்னடெட். ஊருக்கே தெரியும். அவளுடைய பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில், "உன்ரை அம்மாதானே ஆடிப்போட்டு ஏமாத்தினவ?" என்று கேட்கிறார்கள்.

கலியாணத்தை உடைத்தது யார்? "சனத்துக்கு முன்னாலை இடுப்பாட்டின பெட்டை எங்கடை வீட்டுக்குச் சரிவராது" என்று என் முற்றத்தில் நின்று சொன்னது நீர். மகனிடம் உண்மையைச் சொல்லும். கதையை மாற்றட்டும்.

மார்கிரட்


அரியாலை
9.9.94

அன்பு மச்சாள்,

பனங்காய்ப் பணியாரம் கொடுத்தனுப்புகிறேன். பழசைக் கிளறாதேயும். பெர்னடெட் புருசன் பிள்ளையோடு நன்றாகத்தானே இருக்கிறாள். அவள்தான் மாட்டேன் என்றாள் என்று அப்போது என் மகனுக்குச் சொல்லிவிட்டேன். என் பிள்ளை வேறு கலியாணமும் கட்டவில்லை. இனி மாற்றிச் சொன்னால் என் முகத்தில் விழிப்பானா?

யசிந்தா


குருநகர்
26.9.94

யசிந்தாவுக்கு,

பணியாரத்தைக் கோழிகள் தின்றன.

நேற்று வெள்ளுடுப்பு. கூத்தோ டிஸ்கோவோ, எங்கள் மன்றத்தில் வேடம் கட்டுமுன் வெள்ளை உடுத்து ஊர்ப் பெரியவர்களுக்கு ஆடிக் காட்ட வேணும். பிழை கண்டவர் எழும்பினால் ஆட்டம் நிற்க வேணும். அதை மறந்து என்னையும் கூப்பிட்டிருந்தான் உமது மகன். மஞ்சள் சட்டைக்காரி "நான் போறன்" என்ற இடத்தில் எழும்பினேன்.

"நிப்பாட்டு தம்பி. உப்பிடி நடக்கேல்லை."

"மாமி, உங்களுக்கென்ன தெரியும்?"

"கொம்மா என்ரை வீட்டு முத்தத்திலை நிண்டு சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெரியும்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள் மிதித்தவன் காலை எடுத்துவிட்டான். பாட்டு இழுபட்டு நின்றது. உமது மகன் மேடையிலேயே குந்திவிட்டான்.

மார்கிரட்


அரியாலை
4.10.94

மச்சாள்,

பாவி நீர். "ஓமோ இல்லையோ, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அம்மா" என்று கேட்டான். ஓம் என்றேன். அதோடு என்னோடு கதைக்கிறதை நிறுத்திவிட்டான். சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் இருந்து சாப்பிடுகிறான். இப்போது நாடகத்தில் ஒரு தாய் வருகிறாளாம், என் சொல்லையே சொல்லுகிறாளாம். நீர் சொன்னால் எடுத்துவிடுவான். உமது காலில் விழுகிறேன்.

யசிந்தா


குருநகர்
11.10.94

யசிந்தாவுக்கு,

எடுக்கச் சொல்லமாட்டேன். பெர்னடெட் பிள்ளையோடு முன் வாங்கில் இருந்து பார்க்கப் போகிறாள்.

தாய் வேடத்துக்குத்தான் இன்னும் ஆள் இல்லை. அந்தச் சொல்லைச் சொல்ல இந்த ஊரில் ஒருத்திக்கும் வாய் வரவில்லையாம். உமக்கு வசனம் பாடம்தானே. வாரும்.

மார்கிரட்